மலர்க்கொடி அக்கா பில்லில் எழுதாத வார்த்தை

மலர்க்கொடி அக்காவுக்கு வாய் ஓயாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மலாக்கா டவுனில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேச்சோடுதான் இறங்குவாள். யார் மகள் யாரோடு போனாள், எந்தக் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு இல்லை, எந்த மருமகள் மாமியாரை வாசலிலேயே நிற்க வைத்தாள் என்று, நான் கவுண்டரைத் திறப்பதற்குள் எல்லாம் வந்துவிடும். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் நிறுத்திவிட்டால், அப்புறம் என்ன ஆச்சு என்று நானே கேட்டுத் தொலைப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் டவுனில் இருந்த ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் நான் கேஷியர், அவள் பில் கிளார்க். அவளுடைய வேலை என்னவென்று வெளியில் பலருக்குத் தெரியாது. டாக்டர் கிறுக்கி வைத்திருக்கும் ஃபைலைப் படித்து, நோய்க்கு ஒரு நம்பர், செய்த ஆப்பரேஷனுக்கு ஒரு நம்பர் என்று தடித்தடியான இரண்டு புத்தகங்களில் தேடி எடுத்து, பில் தட்டச்சு செய்து, கம்பெனிக்கோ இன்சூரன்ஸுக்கோ அனுப்ப வேண்டும். அந்த நம்பர் போடுவதற்குக் கோடிங் என்று பெயர். நம்பர் தப்பானால் பில் திரும்பி வந்துவிடும். மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பதுபோல அக்கா அந்தப் புத்தகங்களைப் படிப்பாள். குரங்கு கடித்தால் போடுவதற்குக்கூட நம்பர் இருக்கிறதாம். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை.

இத்தனை பேசுகிறவள் ஃபைலில் படித்ததை மட்டும் பேசமாட்டாள். என் சொந்த மாமா எங்கள் மருத்துவமனையிலேயே வந்து படுத்து, எதையோ எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவருக்குப் பில் போட்டது அக்காதான். பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு என்ன வியாதி என்று கேட்டேன். உங்க வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று அவள் என்னைக் கேட்டாள். நான் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் குழம்புக்கே வந்தாள். சிலோன்காரிக்குத் தெரிந்தால் சிலோன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று கடைசியில் கிண்டல் வேறு. நாங்கள் யாழ்ப்பாணத்து வழி என்பதால் நான் அவளுக்கு எப்போதும் சிலோன்காரிதான். என் பெயர் தர்மினி என்பது சம்பள நாளில் மட்டும் அவள் நினைவுக்கு வரும்.

அவள் பிறந்தது செலண்டார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். ஐந்தாம் படிவம் முடித்துத் தோட்டத்து ஆபீஸில் தட்டச்சு செய்தாள். கல்யாணமாகி டவுனுக்கு வந்தபின் எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தாள். கோலாலம்பூருக்கு அனுப்பிக் கோடிங் படிக்க வைத்தார்கள். படித்துவிட்டு வந்து எங்களையெல்லாம் அதட்ட ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை. தன் கையெழுத்து மேல் அவளுக்குக் கர்வம். தலையில் வைக்கும் மல்லிகைப் பூ மேல் அதைவிடக் கர்வம்.

புதன்கிழமைகளில் எங்கள் மருத்துவமனைக்கு டாக்டர் புவனேந்திரன் வருவார். சிறுநீரகம், மூத்திரப்பை, அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் அவர் பார்ப்பது. புதன்கிழமை என்றால் கவுண்டரில் ஆம்பிளைகள் கூட்டம், ஆனால் சத்தமே இருக்காது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் காலண்டரைப் பார்ப்பார்கள். அக்கா எழுந்து வந்து, "என்ன அண்ணே, தண்ணி பைப் அடைப்பா?" என்று கேட்பாள். ஆமாம் என்று தலை ஆடும். எந்த நோயாக இருந்தாலும் முதலில் அது தண்ணி பைப் அடைப்புதான். மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்பாள்.

அப்படி ஒரு புதன்கிழமை வந்தவர்தான் சாமிக்கண்ணு. செங் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் காவலாளி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், கட்டுமஸ்தான ஆள், முறுக்கு மீசை. கூட மனைவி பெத்தம்மாள். கவுண்டருக்குள் அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனதே, அதை நான் பார்த்தேன். இருவரும் ஒரே தோட்டத்துக்காரர்கள். தோட்டத்திலேயே பெரிய வாய் எது என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் போய்விடலாம் என்று அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார். பெத்தம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அவருக்குச் சீனி வியாதி. அதனால் முன்தோல் இறுகிப் புண்ணாகி, மூத்திரம் போவதே பெரும்பாடாக இருந்தது. காய்ச்சலும் வந்து வந்து போனது. டாக்டர் புவனேந்திரன் தங்கமான மனுஷர், ஆனால் பேசுவது புத்தகத் தமிழ். நிறைய விளக்கினார். சாமிக்கண்ணுவின் காதில் ஏறியது 'வெட்டி எடுக்கவேணும்' என்ற இரண்டு வார்த்தைதான். வெளியே வந்து பெத்தம்மாளிடம், வா போகலாம் என்றார். அடுத்த புதன்கிழமை நாள் குறித்தோம், வரவில்லை. மறுபடி குறித்தோம், அதற்கும் வரவில்லை. பெத்தம்மாள் மட்டும் தனியாக வந்து அக்கா முன்னால் உட்கார்ந்து அழுதார். வலியில் மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஆனால் வரமாட்டேன் என்கிறார் என்றார்.

காரணம் இதுதான். அந்த ஆப்பரேஷன் சுன்னத்து. எங்கள் ஊரில் சுன்னத்து என்றால் பள்ளி விடுமுறையில் மலாய்ப் பிள்ளைகளுக்குச் செய்வது. தமிழன் ஒருவன் வளர்ந்தபின் செய்துகொண்டான் என்றால் ஜனங்கள் ஒரே ஒரு அர்த்தம்தான் எடுப்பார்கள்: மதம் மாறிவிட்டான். சாமிக்கண்ணு யார் தெரியுமா? அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வருஷா வருஷம் காப்புக் கட்டிக் கரகம் எடுக்கிறவர். தோட்டத்தை விட்டு செங்குக்குக் குடிவந்த பிறகும் திருவிழாவுக்கு அவர்தான் கரகம். அவர் அப்பாவுக்குப் பிறகு வேறு தலையில் அது ஏறியதில்லை. இதற்கு மேல் ஒரு சிக்கல். ஃபேக்டரி ஆபீஸில் மருத்துவ பில்களை வாங்கி இன்சூரன்ஸுக்கு அனுப்பும் கிளார்க் தனபாலன். அந்தத் தனபாலன்தான் கோயில் செயலாளரும். பில் அவன் கையில் போய்த்தான் ஆக வேண்டும்.

அக்கா மறுநாளே லீவு போட்டுவிட்டு செங்குக்குப் போனாள். என்ன பேசினாள் என்று பிறகு எனக்குச் சொன்னது பெத்தம்மாள்தான், அக்கா சொல்லவில்லை. சாமிக்கண்ணுவுக்குப் பயம் ஊர்ப்பேச்சை நினைத்து மட்டும் இல்லை. அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. மலாய்க்காரர்களோடு அவருக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது, பாதிக் கூட்டாளிகள் அவர்கள்தான். ஆத்தாவை நினைத்துத்தான் அவருக்குப் பயம். உடம்பில் வெட்டுப்பட்ட பிறகு கரகம் தூக்கி நின்றால், அவள் என் மேல் இறங்குவாளா, அருள் வராமல் ஊர் முன்னால் வெறும் ஆளாக நிற்பேனா என்று கேட்டாராம். அக்காவால் முடிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னாள்: "அண்ணே, என் கையால அந்த வார்த்தை பில்லுல போகாது. என் வாயால தோட்டத்துக்கும் போகாது. நீங்க வந்து ஆப்பரேஷன் பண்ணிக்குங்க." ஊர் வாயாடி கொடுத்த வாக்கை நம்பி அவர் வந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆப்பரேஷன் சுலபமாக முடிந்தது. வார்டில் ரோஸ்லான் என்ற மலாய் ஆண் நர்ஸ்தான் கட்டு மாற்றினான். அங்கிள், இப்படி ஒரு பெரிய ஆள் இவ்வளவு பயப்பட்டு நான் பார்த்ததில்லை, எங்கள் பையன்கள் பத்து வயதில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வருவார்கள் என்று மலாயில் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தான். சாமிக்கண்ணு வீட்டுக்குப் போகும்போது அவனுக்கு ஒரு பை ரம்புத்தான் பழம் கொடுத்தார்.

அக்கா பில் தட்டச்சு செய்தாள். நோய்க்கு 605, ஆப்பரேஷனுக்கு 64.0. செய்தது என்ன என்று எழுதும் இடத்தில் 'யூரோலஜி சிறு அறுவை' என்று மட்டும் போட்டாள். பொய் ஒன்றும் இல்லை. நம்பர் சரி, எழுதியதும் சரி. இன்சூரன்ஸ்காரன் புத்தகத்தைப் பிரித்தால் தெரிந்துகொள்வான், தனபாலனிடம் புத்தகம் இல்லை. பில்லைக் கவரில் போட்டு ஒட்டியபின், வேலை முடிந்தது என்று எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தாள்.

பில் திரும்பி வந்தது. சமயத்துக்காகச் செய்யும் சுன்னத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது, நோய்க்காக என்றால் உண்டு. அதனால் ஆப்பரேஷனின் பெயரை முழுதாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அதுவும் ஃபேக்டரி வழியாக. அந்தக் கடிதத்தில் அவர்களும் நம்பரைத்தான் போட்டிருந்தார்கள், பெயரைச் சொல்லவில்லை. தனபாலன் போன் செய்தான். அக்கா, அது என்ன ஆப்பரேஷன் என்று கேட்டான். யூரோலஜி என்றாள். யூரோலஜியில் என்ன என்றான். சிறு அறுவை என்றாள். அவன் விடவில்லை, இவளும் விடவில்லை. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை எழுதுவதற்கு என்ன வந்தது உனக்கு என்று கத்தினார். டாக்டரிடம் கடிதம் வாங்கி நேராக இன்சூரன்ஸுக்கே அனுப்பலாம் என்று அவள் கேட்டாள். வழக்கம் இல்லை என்றார். வழக்கம் இல்லாவிட்டால் இனிமேல் வைத்துக்கொள்ளலாமே என்றாள். வெளியே போ என்றார். பில் அவள் மேசையிலேயே கிடந்தது.

அக்கா நினைத்துப் பார்க்காத ஒன்று இதற்குள் நடந்துவிட்டது. வார்த்தை இல்லாத இடத்தில் ஜனங்கள் தாங்களாகவே ஒரு வார்த்தையைப் போட்டுக்கொண்டார்கள். தனபாலன் கெட்டவன் இல்லை. என்னமோ மறைக்கிறார்கள் என்று ஒருவரிடம்தான் சொன்னான். அது போதாதா? அந்தக் காலத்தில் கிளினிக் சுவர்களிலெல்லாம் எய்ட்ஸ் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கீழ்ப்பக்கம் ஆப்பரேஷன், பெயர் சொல்லமாட்டேன் என்கிறார்கள், ஆளும் இராத்திரி ஷிஃப்ட். கெட்ட வியாதிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஃபேக்டரி கேன்டீனில் சாமிக்கண்ணு குடித்த கிளாஸைத் தனியாக வைத்தார்கள். தோட்டத்தில் பெத்தம்மாளின் சொந்த நாத்தனாரே, அண்ணி, அவர் துண்டைத் தொடாதே என்று புத்தி சொல்லியனுப்பினாள்.

இது காதுக்கு வந்த அன்று அக்கா மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு செங்குக்குப் போனாள். சாமிக்கண்ணு வீட்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். அண்ணே, நான் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம் மலரு. கெட்ட வியாதின்னு சொல்றவன் ஒரு வருசத்துல மறந்துடுவான். மதம் மாறிட்டான்னா என் பேரப்புள்ள காலம் வரைக்கும் சொல்லுவான் லா."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேலும் வந்தது, தோட்டத்து ஆட்கள் மேலும் வந்தது. திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். இந்த வாக்கு, சத்தியம் எல்லாம் உனக்கு எதற்கு, யாரிடமாவது ஒரு வார்த்தை கசிய விட்டால் காரியம் முடிந்தது, உன்னால் முடியாததா என்று கேட்டேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அவரு சொல்லச் சொன்னா சொல்றேன் தர்மினி" என்றாள். சம்பள நாள் இல்லாத ஒரு நாளில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

காப்புக் கட்டுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் கூட்டம் போட்டார்கள். இந்த வருஷம் யாருக்குக் காப்பு என்பதுதான் பேச்சு. அக்கா போனாள், துணைக்கு நானும் போனேன். தகரக் கொட்டகைக்குக் கீழே ஆம்பிளைகள் பாயில், பெண்கள் ஓரமாக. சாமிக்கண்ணு முன் வரிசையில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். மீசை முறுக்கு இறங்கிக் கிடந்தது. பெத்தம்மாள் பெண்களோடு கடைசியில் இருந்தார், அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நாங்கள் போய் உட்கார்ந்தோம்.

தனபாலன் எழுந்து மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். காப்புக் கட்டுகிறவர் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும், நாளைக்கு யாரும் குறை சொல்லக்கூடாது, அதனால் அண்ணனுக்கு என்ன ஆப்பரேஷன் என்று தெரிந்தால் போதும் என்றான். சாமிக்கண்ணு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எல்லாக் கண்ணும் அக்கா பக்கம் திரும்பியது.

"அக்கா, நீங்கதான பில்லு போட்டீங்க. நீங்களே சொல்லுங்க."

"வேலைல படிச்சத வெளிய சொல்லமாட்டேன் தம்பி. நாளைக்கு உன்னப் பத்தி உன் பொண்டாட்டி வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன்."

சிலர் சிரித்தார்கள், பலருக்குக் கோபம். ஊர்க்கதையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோகிறவளுக்கு இதற்கு மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று ஒருவர் கேட்டார். ஆஸ்பத்திரிக்காரியும் கூட்டுக் களவாணி என்றார் இன்னொருவர். கெட்ட வியாதி இல்லையென்றால் இல்லை என்றாவது சொல்லு என்றார்கள். அதையும் அவள் சொல்லவில்லை. இது இல்லை, அது இல்லை என்று ஆரம்பித்தால் கடைசியில் எது என்பதில் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கிவிட்டது. ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிறவள், அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நானே எழுந்து கத்திவிடலாம் என்று காலை ஊன்றினேன்.

எனக்கு முன்னால் பெத்தம்மாள் எழுந்துவிட்டார். அந்த அம்மாள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. ஆம்பிளைகள் கூடிய இடத்தில் முன்வந்து நின்றதுகூட இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கெட்ட வியாதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சீனி வியாதில தோலு இறுகிப் புண்ணாயி, மூத்திரம் போக முடியாம கெடந்தாரு. அந்தத் தோல வெட்டி எடுத்திருக்காங்க. சுன்னத்துதான். வீட்டுல மருந்து தடவுனது நானு, கட்டுப் போட்டது நானு. வெளிய சொல்லமாட்டேன்னு இந்தப் புள்ள எங்களுக்கு வாக்குக் குடுத்துச்சு, அதுக்குத்தான் இத்தன பேச்சு வாங்குது. இனி எதையாச்சும் கேக்கணும்னா என்னயக் கேளுங்க."

சொல்லிவிட்டு உட்காரவில்லை, நின்றார். சாமிக்கண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு பொம்பளை, கோயிலுக்குள், புருஷனின் அந்த இடத்தைப் பற்றிப் பேசியதையே பாதிப் பேரால் ஜீரணிக்க முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ, அப்படியென்றால் இவர் இப்போது எந்த மதம் என்று இழுத்தார்கள். தனபாலன் எதைச் சொல்வது என்று தெரியாமல் பூசாரி ராமையாவைப் பார்த்தான்.

ராமையா வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு நிதானமாக வந்தார்.

"புண்ணு ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

ஆறிவிட்டது என்றார் பெத்தம்மாள்.

"ஆத்தாவுக்கு முடி குடுக்குறோம். அலகு குத்தி ரத்தம் குடுக்குறோம். இது ஒரு துண்டுத் தோலு, ஆஸ்பத்திரில போயிடுச்சு. அவ ஒண்ணும் கோச்சுக்கமாட்டா. காப்பு இவனுக்குத்தான். எந்திரிங்க, வெயிலு ஏறுது."

சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு குடும்பம் இந்த வருஷம் திருவிழாவுக்கே வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனது. ஆனால் பூசாரி சொல்லை மீறிப் பேச ஆள் இல்லை. நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தபோது தனபாலன் பின்னாலேயே ஓடி வந்தான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை அக்கா என்றான். தெரியும் தம்பி என்றாள். அவன் போகவில்லை. கொஞ்ச தூரம் கூடவே வந்து, அந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார், எங்கள் அப்பாவுக்கும் சீனி, அவருக்கும் இப்படித்தான் தொந்தரவு என்றான். புதன்கிழமை அப்பாவை வரச்சொல்லு என்றாள் அக்கா. தனபாலனின் அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது என்று அதற்கு முந்தின மாதம் எனக்குச் சொன்னதே அவள்தான். இருந்தும் அவள் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

திங்கட்கிழமை அக்கா பெத்தம்மாளுக்குப் போன் செய்து, அவர்கள் இருவர் சம்மதத்தோடும் அந்த வார்த்தையைப் பில்லில் தட்டினாள். பில் பாஸாகி வந்தது. அடுத்து வந்த புதன்கிழமைகளில் செலண்டார் பக்கத்து ஆம்பிளைகள் சிலர் காலண்டரைப் பார்க்க வந்தார்கள். யார் யார் எதற்கு வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் குழம்புக்குப் போவாள் என்று தெரியும்.

ஆனால் சாமிக்கண்ணுவின் பயம் அப்படியேதான் இருந்தது. ஊர் சரி என்றது, ஆத்தா என்ன சொல்வாள் என்று பெத்தம்மாளிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். விரதத்தில் அவர் இளைத்துப் போனது பட்டினியால் மட்டும் இல்லை.

திருவிழாவன்று நானும் போனேன். ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து, சாமிக்கண்ணு தலையில் ஏற்றினார்கள். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. உறுமி முழங்கியது. மற்ற வருஷங்களில் உறுமி ஆரம்பித்ததுமே அருள் வந்துவிடும் என்றார்கள். அன்று வரவில்லை. அடிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பூசாரி விபூதி போட்டார், வேப்பிலையால் தடவினார். சாமிக்கண்ணு கண்ணை மூடியபடி வெறும் ஆளாக நின்றார். கழுத்தில் வியர்வை ஓடியது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. வாம்மா, வாம்மா என்று அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி விஷயத்தில் எனக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. அன்றைக்கு நானும் கும்பிட்டேன், வந்து தொலை தாயே என்று.

அவருடைய தோள் முதலில் குலுங்கியது. பிறகு முழங்கால். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, கரகம் தலையில் தானாக நின்றது, ஆள் கிளம்பிவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகக் குடங்களோடு வழி நெடுகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கரகம் யார் முன்னால் நிற்கிறதோ அவர்கள் கரகம் எடுப்பவர் காலில் தண்ணீர் ஊற்றலாம். முதல் தண்ணீர் கோயில் தலைவர் வீட்டுக்கு என்பது அவர்கள் வழக்கம். தலைவரின் மனைவி பட்டுச் சேலையோடு முன்னால் நின்றார். கரகம் அவரைத் தாண்டி ஆடிக்கொண்டே போய், வரிசைக் கடைசியில் ஒதுங்கி நின்ற பெத்தம்மாள் முன்னால் நின்றது. ஆத்தா போகும் வழியை யாரால் மறிக்க முடியும்? பெத்தம்மாள் குடத்தைச் சாய்த்தார். பிறகு ஈரத் தரையிலேயே விழுந்து கும்பிட்டார்.

அதற்கடுத்து அது அக்கா முன்னால் வந்து நின்றது. விருந்தாளியாக வந்தவள், கையில் குடம் இல்லை. யாரோ ஒன்றைத் திணித்தார்கள். அவள் ஊற்றிய தண்ணீரில் பாதி தன் காலிலேயே விழுந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். சிலோன்காரி நானும்தான் அழுதேன், அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

கோயிலில் கரகத்தை இறக்கி வைத்தபின் சாமிக்கண்ணு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெத்தம்மாள் விசிறிக்கொண்டிருந்தார். நாங்கள் விடைபெறப் போனோம். சாமிக்கண்ணு அக்காவை மட்டும் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வந்துட்டா மலரு" என்றார். "என்னய விடல."

"பாத்தேன் அண்ணே" என்றாள் அக்கா.